நடுவில் மட்டும் தேய்ந்த பட்டன்கள்

ஆனைமலை
3.2.2025

பெறுநர்: உயர்திரு அப்துல் மஜீத் அவர்கள், தையல் சாமான் கடை, உக்கடம், கோவை.

பொருள்: ஐந்து பித்தளைப் பட்டன்களும் பட்டாளத்துப் பட்டன்களே என்று எழுதித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்துப் பழகிய கை. கடிதமும் மனு மாதிரியே ஆரம்பித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். என் பெயர் மாசாணியம்மாள். ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பழைய யூனிபார்ம் பட்டன்களைப் பார்த்தே எந்த வருடத்தது, யார் போட்டது என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களாம், பேப்பரில் படித்தேன். உங்களுக்குக் காது கேட்காது, போன் செய்ய வேண்டாம், பட்டனைக் கையில் வாங்காமல் எதுவும் சொல்ல மாட்டார் என்றும் போட்டிருந்தது. அதனால்தான் தபால்.

எங்கள் அப்பாரு, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், பண்ணையாள். 1944இல் ஒருநாள் பண்ணையை விட்டுக் காணாமல் போனார். இரண்டு வருடம் கழித்து ஒரு கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அந்தச் சமயத்தில் எஸ்டேட் பங்களாவில் வெள்ளைக்காரத் துரையின் பெட்டியை யாரோ உடைத்து, முதல் உலகப் போரில் அவர் போட்டிருந்த பட்டாளத்துக் கோட்டைத் திருடியிருந்தார்கள். அப்பாருவைப் பிடித்து வேப்பமரத்தில் கட்டி நாள் முழுக்க அடித்தார்கள். கோட்டு ஏது என்று கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லையாம். துரை சீமைக்குப் போய்விட்டதால் அடையாளம் சொல்ல ஆளில்லாமல், கடைசியில் அவிழ்த்துவிட்டார்கள். பேர் மட்டும் நின்றுவிட்டது.

அப்பாரு பர்மாவுக்குப் பட்டாளத்தில் போனவர், அது அவருடைய சொந்தக் கோட்டு என்று அப்பா சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். கோட்டு பூச்சி அரித்துப் போய் வெகுகாலம் ஆகிறது. ஐந்து பட்டன்கள் இருக்கின்றன. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாளில் வருடா வருடம் அப்பாவே உட்கார்ந்து அவற்றைத் தேய்ப்பார். மற்றவர்கள் தொடக்கூடாது.

இப்போது என்ன அவசரம் என்றால், எங்கள் ஊர்க் கோயிலுக்கு வைகாசியில் கும்பாபிஷேகம். வரலட்சுமி டீச்சர் மலர் போடுகிறார். அதில் ‘கோட்டுத் திருடன்’ என்று ஒரு சிரிப்புக் கதை. எங்கள் அப்பாருதான். எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். “தொரையோட கோட்டு இல்லீன்னு ஒரு ஆதாரம் கொண்டா அம்மணி, எடுத்துப்போடறேன்” என்கிறார். ஏப்ரல் கடைசியில் அச்சுக்குப் போகிறது. அப்பா சுப்பையனுக்கு எண்பத்தொன்று. இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். அச்சில் அந்தக் கதையைப் பார்த்துவிட்டு அவர் சாகக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவருக்குத் தெரியாமல்தான் எடுத்து அனுப்புகிறேன். பத்திரம் ஐயா.

இப்படிக்கு,
மாசாணியம்மாள்

*

உக்கடம்
10.2.2025

அம்மணி மாசாணியம்மாள் அவர்களுக்கு,

நலம். உங்கள் பார்சலைப் பிரித்ததும் எனக்கு வந்த கோபத்தில் சாயாவைக் கவிழ்த்துவிட்டேன். பட்டன்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பளபளவென்று இருக்கின்றன. மோந்து பார்த்தேன், புளி வாசம். பின்பக்கத்து வளையத்துக்கு அடியில் செங்கல் பொடி. அனுப்புவதற்கு முன்னால் தேய்த்தீர்களா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

உங்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. நாற்பது வருடமாகத் தையல்காரர்களுக்குப் பட்டன் விற்றவன். பழைய பட்டன் பார்ப்பது கடையோடு ஒட்டிக்கொண்ட பைத்தியம். எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன், அப்போது என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். முன்பக்கம் கிரீடம் இருந்தால் அதன் வளைவைப் பார்ப்பேன். விக்டோரியா ராணி காலத்தில் ஒரு மாதிரி, 1901க்குப் பிறகு வேறு மாதிரி. குடியரசு ஆனதும் கிரீடம் போய்ச் சிங்கம் வந்துவிட்டது. அடுத்து, திருப்பிப் போட்டுச் செய்தவன் பெயரும் ஊரும் இருக்கிறதா என்று தேடுவேன். கடைசியாக முலாம். ஆபீசர் துரைகளின் கோட்டுப் பட்டனுக்குத் தங்க முலாம் உண்டு, சிப்பாய்க்கு வெறும் பித்தளைதான். எவ்வளவு பழசானாலும் பள்ளத்தில் துளி முலாம் ஒட்டியிருக்கும். உங்கள் பட்டன் துரையுடையதா சிப்பாயுடையதா என்று அந்தத் துளி சொல்லியிருக்கும். அது இருந்ததா, இல்லையா என்பதே இப்போது தெரியாது. செங்கல் பொடி கொண்டுபோய்விட்டது.

முன்பக்கமும் வழவழவென்று இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு பட்டாளம் என்று எழுத முடியாது. இன்னும் ஒரு வாரம் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன்.

அப்துல் மஜீத்

*

ஆனைமலை
15.2.2025

மஜீத் பாய் அவர்களுக்கு,

தேய்த்தேன். இன்னொருவர் வீட்டுக்கு அனுப்பும் சாமானை அழுக்கோடு அனுப்பினால் நாளைக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஆனைமலைக்காரிக்கு ஒரு பித்தளைச் சாமான் துலக்கத் தெரியவில்லை என்பீர்கள். விருந்துக்குக் கூப்பிட்டால் குண்டாவைக் கழுவித்தானே அடுப்பில் வைப்போம்? அந்தப் புத்திதான். தப்புதான் பாய், மன்னித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து பள்ளிக்கூடத்துக் கரண்டியைத் தேய்க்கும்போதுகூடக் கை கூசுகிறது.

ஆனாலும் முன்பக்கத்தை நான் அழிக்கவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே அது வழவழவென்றுதான் இருக்கிறது. ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்களேன். ‘இவை சிப்பாய் போட்ட பட்டன்களாக இருக்கலாம்’ என்று போதும். யாருக்கு நஷ்டம்? டீச்சர் உங்கள் கையெழுத்தைப் பார்த்தாலே எடுத்துவிடுவார். தனியாக ஒரு சாக்கில் பத்துத் தேங்காய் அனுப்பியிருக்கிறேன். லஞ்சம் இல்லை, உங்கள் சாயா கவிழ்ந்ததற்கு.

மாசாணியம்மாள்

*

உக்கடம்
22.2.2025

அம்மணி,

தேங்காய் வந்தது. நஃபீசா இரண்டை அன்றைக்கே உடைத்துவிட்டாள். என் வீட்டுக்காரி உங்கள் கட்சி. “புளி போட்டுத் தேய்க்காமல் பின்னே எதைப் போட்டுத் தேய்ப்பாங்களாம்?” என்று பெரிய எழுத்தில் நோட்டில் எழுதி என் முகத்துக்கு முன்னால் நீட்டுகிறாள்.

அந்த ஒரு வரியை நான் எழுத மாட்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு குடும்பத்துக்கு மனசு இரங்கி அப்படி எழுதிக் கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார்கள். கடைசியில் விஷயம் தெரிந்த ஒருவர் அதை நாலு பேர் முன்னால் தப்பு என்று காட்டிவிட்டார். அந்தக் குடும்பம் அழுதுகொண்டே என் கடைக்கு வந்தது. என் இரக்கம் அவர்களைத்தான் கேவலப்படுத்தியது.

இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டு நாள் எழுதாமல் வைத்திருந்தேன். மரியாதைக்குத் தேய்க்கிறவர்கள் முழுப் பட்டனையும் தேய்ப்பார்கள், விளிம்பும் சேர்ந்துதான் மழுங்கும். இந்த ஐந்திலும் விளிம்பைச் சுற்றிக் கயிறு முறுக்கிய மாதிரி அடித்த வேலை புதுசு போல இருக்கிறது. நடு மட்டும் பள்ளம் விழுகிற அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. கருங்கல்லில் வைத்து, ஒரே இடத்தில், வருடக்கணக்காகத் தேய்த்திருக்கிறார்கள். அங்கே இருந்த எதையோ அழிக்க நினைத்த கை அம்மணி. உங்கள் அப்பாவிடம் கேளுங்கள்.

மஜீத்

*

ஆனைமலை
27.2.2025

மஜீத் அவர்களுக்கு,

படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் அப்பாவைப் பார்த்து, பட்டனை அழித்தவர் என்கிறீர்கள். அவருடைய அப்பாவைத் திருடன் என்றார்கள். இப்போது இவருக்கும் ஒரு பேரா? உங்களிடம் உதவி கேட்டது என் புத்தி. ஐந்து பட்டன்களையும் உடனே திருப்பி அனுப்புங்கள்.

மா.

*

உக்கடம்
4.3.2025

அம்மணி,

ஐந்தையும் பஞ்சில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். அளவும், பின்வளையத்தின் படமும், விளிம்பைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சும் என்னிடம் இருக்கட்டும். வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன்.

உங்கள் மனசைப் புண்படுத்திவிட்டேன். காது போனதிலிருந்து பட்டனைப் பற்றிப் பேசுகிற பழக்கம்தான் இருக்கிறது, மனுஷரிடம் எப்படிப் பேசுவது என்பது மறந்துகொண்டு வருகிறது. நான் பார்த்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். சொன்ன விதம் தப்பு.

மஜீத்

*

ஆனைமலை
23.3.2025

மஜீத் பாய் அவர்களுக்கு,

மூன்று வாரமாக எழுதவில்லை. எழுத முகம் இல்லை.

உங்கள் பார்சலைத் தபால்காரர் நேராக அப்பாவின் கட்டிலிலேயே கொடுத்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வந்து பார்த்தால் பட்டன்களை மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். எங்கே போச்சு, யாருக்கு அனுப்பினே என்று கேட்டார். மறைக்க முடியவில்லை. உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ‘அழிக்க நினைத்த கை’ என்ற இடத்தை மட்டும் விழுங்கிவிட்டுப் போனேன். விட்ட இடத்தை அவர் கண்டுபிடித்துவிட்டார். மறுபடியும் படி என்றார். படித்தேன்.

“பாயி சரியாத்தான் சொல்லறாரு கண்ணு. அழிச்சது நாந்தான்.”

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அப்பாருவைக் கட்டி அடித்தபோது அப்பாவுக்கு இரண்டு வயது. பத்து வயதில் அப்பாரு இறந்துவிட்டார். ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கோட்டுத் திருடன் மகன் என்று ஓட ஓடத் துரத்தினார்கள். அன்றைக்குத்தான் எங்கய்யன் பட்டாளத்துக்காரன் என்று அப்பா ஒரு போடு போட்டார். பட்டாளமும் பர்மாவும் அப்பா சொன்ன கதைதான் பாய். அப்பாரு அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

பையன்கள் நம்பட்டும் என்று வீட்டில் கோட்டை எடுத்துப் பட்டனைப் பார்த்திருக்கிறார். நடுவில் இங்கிலீஷ் எழுத்துகள். படிக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் இங்கிலீஷ் எழுத்து இருந்த சாமான் ஒன்றே ஒன்றுதான், துரையின் எஸ்டேட் லாரி. அதன் கதவில் இதே மாதிரி பெரிய எழுத்துகள் இருக்குமாம். பன்னிரண்டு வயதுப் பையன் என்ன நினைப்பான்? கோட்டு துரையுடையதுதான், அய்யன் திருடித்தான் இருக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார். யாராவது படித்தவன் பார்த்துவிட்டால்? கிணற்றடிக் கல்லில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தவர், எழுபது வருடமாகத் தேய்த்திருக்கிறார். எழுத்து எப்போதோ போய்விட்டது. இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்ததாம்.

நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்தோம். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பாய், கோட்டில் பட்டன் ஆறு. அதில் ஒன்றை அன்றைக்கே அறுத்துத் தனியாக வைத்துவிட்டாராம். எல்லாவற்றையும் அழிக்க மனசு வரவில்லை, அய்யன் சாமான் ஒன்றாவது அப்படியே இருக்கட்டும் என்று. திருநீற்று டப்பாவின் அடியில், திருநீற்றுக்குள்ளேயே இருந்தது. இத்தனை வருடம் அந்த டப்பாவிலிருந்து எடுத்துத்தான் எங்கள் நெற்றிக்கெல்லாம் பூசியிருக்கிறார்.

அதை இத்துடன் அனுப்புகிறேன். ஊதிக்கூடப் பார்க்கவில்லை, ஒட்டிய திருநீறோடு அப்படியே இருக்கிறது. துரையுடையது என்றால் அதையே எழுதுங்கள். இந்த முறை கோபித்துக்கொள்ள மாட்டேன். அப்பாவும் அதைத்தான் சொல்லச் சொன்னார். “எதுனாலும் தெரிஞ்சுக்கறனுங்கன்னு எழுது.”

மாசாணியம்மாள்

*

உக்கடம்
29.3.2025

அம்மணிக்கும், அம்மணியின் தகப்பனார் சுப்பையன் ஐயாவுக்கும்,

நான் சுற்றி வளைக்கவில்லை. உங்கள் அய்யன் திருடவில்லை.

பட்டனைப் பஞ்சிலிருந்து எடுத்ததும் என் முகம் எப்படிப் போனதோ, நஃபீசா ஓடி வந்து லாட்டரி கீட்டரி விழுந்துவிட்டதா என்று எழுதிக் காட்டினாள். நோன்பு வைத்திருந்த வாய், தண்ணீர்கூடக் குடிக்காமல் கத்தினேனாம். எனக்கு என் சத்தம் கேட்காது. பக்கத்துக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

காய்ந்த திருநீறு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மூன்று எழுத்துகளும் நேற்று அடித்த மாதிரி நிற்கின்றன. தென்னிந்திய ரயில்வே என்பதன் இங்கிலீஷ் முதலெழுத்துகள். வெள்ளைக்காரன் காலத்தில் போத்தனூர் வழியாக ஓடிய ரயில் கம்பெனி. 1951இல் அது தெற்கு ரயில்வேயில் சேர்ந்து அந்தப் பெயரே போய்விட்டது. ஆக அதற்கு முன்னால் அடித்த பட்டன். பின்பக்கத்தில் சீமைக் கம்பெனிப் பெயர் இல்லை, வளையத்தைக் கையால் பற்றவைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது கப்பலில் சாமான் வராமல் இங்கேயே அடித்த பட்டன்கள் இப்படி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நாற்பதுகளின் நடுவில் என்பது என் கணக்கு. முலாம் பள்ளத்தில்கூட ஒரு துளி இல்லை. வெறும் பித்தளை.

துரையிடம் காணாமல் போனது பட்டாளத்துக் கோட்டு. அதில் இந்தப் பட்டன் இருக்க வழியே இல்லை. இது ராத்திரி பகல் தண்டவாளத்தில் நின்ற கூலி ஆளுக்குக் கம்பெனி கொடுத்த கோட்டு. என்னிடம் இருந்த அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், விளிம்பின் கயிறு வேலையும் வளையமும் மற்ற ஐந்தோடு அப்படியே பொருந்துகின்றன. டீச்சருக்குக் காட்ட இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பட்டனோடு இத்துடன் தனியாக வைத்திருக்கிறேன். இதை எந்த ஆபீஸிலும் நீட்டலாம்.

பட்டாளம் இல்லை என்பதில் ஐயாவுக்கு வருத்தம் இருக்கலாம். அவர் ஏன் ரயில்வே என்று சொல்லாமல் அடி வாங்கினார் என்பது பட்டனில் இல்லை. உங்கள் சனத்தில் அந்தக் காலத்தில் போத்தனூர்ப் பக்கம் போனவர்கள் யாராவது உண்டா? இருந்தால் போய்க் கேளுங்கள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். சர்டிபிகேட்டில் பட்டன் யாருடையது என்று எழுதும் இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இத்தனை கடிதத்தில் அப்பாரு, அய்யன் என்றே வந்திருக்கிறது. அவர் பெயர் என்ன?

ஈத் வருகிறது. இந்த வருடத்து ஈத் எனக்கு இந்தப் பட்டன்தான். என்னிடம் அனுப்பியதற்கு உங்கள் இருவருக்கும் நன்றி.

அப்துல் மஜீத்

*

ஆனைமலை
14.4.2025

பாய்க்கு,

சித்திரை ஒன்றும் அதுவுமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பலகாரம் வந்தது, பிள்ளைகள் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை. நஃபீசா அக்காவுக்குச் சொல்லுங்கள்.

கடிதத்தை வாசித்ததும் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். போத்தனூரில் ராமாமணி என்று எனக்குப் பெரியம்மா முறையில் ஒருவர் இருக்கிறார், அவங்கய்யனும் அந்த வருசம்தான் ஊரைவிட்டுப் போனவர் என்றார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் பிடித்து, அப்பாவைத் தலையணைகளோடு ஏற்றிக்கொண்டு போனோம்.

ராமாமணிப் பெரியம்மாவுக்கு எண்பத்தாறு. ரயில்வே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆறாவது பட்டனை அப்பா நீட்டினார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எங்கள் அப்பாருவும் அவருடைய அய்யனும் ஒரே ராத்திரியில் பண்ணையை விட்டு ஓடி, போத்தனூரில் தண்டவாள வேலையில் சேர்ந்திருக்கிறார்கள். அவருடைய அய்யன் முதலில் பெண்டாட்டி பிள்ளையைப் போத்தனூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பாரு இரண்டாவதாக ஊருக்கு வந்தார், அப்பாவையும் அவருடைய ஆத்தாளையும் கூட்டிப்போக. வந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டார். போத்தனூர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். ஆனால் பண்ணைக்காரரின் ஆட்கள் மறுநாளே அங்கே போய் அவர்களையும் இழுத்து வந்திருப்பார்கள்.

பெரியம்மா சொன்னதை மட்டும் அவர் வாயாலேயே எழுதுகிறேன். “உங்கய்யன் வாயத் தொறந்திருந்தா நானும் அந்தப் பண்ணையில சாணி அள்ளியிருப்பனுங்க தம்பி. நானு படிச்சது, டீச்சரானது, எம்புள்ளைக ஊடு கட்டுனது எல்லாமே அவரு வாங்குன அடி. எங்கய்யன் சாகற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி அழுதாரு. ஊருக்கு வந்து சொல்ல எங்களுக்குத் தைரியம் இல்லாமப் போச்சுங்க.”

அப்பா திரும்பி வரும்போது கிணத்துக்கடவு தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தார். நானும் நிறுத்தச் சொல்லவில்லை.

வரலட்சுமி டீச்சர் உங்கள் சர்டிபிகேட்டை இரண்டு தடவை படித்தார். முகம் சின்னதாகிவிட்டது. கதையை எடுத்துவிடுகிறேன் என்று அவராகவே வீட்டுக்கு வந்து சொன்னார். எடுக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். கட்டி வைத்து அடித்ததையும் போடுங்க, அவரு ஏன் பேசலீங்கறதையும் போடுங்க, சிரிப்புக் கதைங்கற தலைப்பை மட்டும் எடுங்க என்றார். ராமாமணிப் பெரியம்மா கும்பாபிஷேகத்துக்குக் குடும்பத்தோடு வருகிறார். நீங்களும் அக்காவும் அவசியம் வர வேண்டும்.

பாய், நீங்கள் அன்றைக்கு அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்திருந்தால் நான் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். டீச்சரும் கதையை எடுத்திருப்பார். அப்பா மட்டும் தன் அய்யனைத் திருடன் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். எழுதாமல் இருந்தீர்களே, அதற்குத்தான் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

உங்கள் கேள்விக்குத் தானே பதில் எழுதுகிறேன் என்று அப்பா பேனாவைக் கேட்கிறார். படுத்தபடியே எழுதுகிறார். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாசாணியம்மாள்

மஜீது பாயிக்கு சுப்பையன் எளுதிக்கறது. ஊரு சொன்னதுக்கு நான் சண்டைக்குப் போனனுங்க. ஆனா மனசுக்குள்ள நானும் அதையே நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தப் பாரத்தை நீங்க எறக்கி வெச்சீங்க. நீங்களும் உங்க ஊட்டுக்காரங்களும் நல்லா இருக்கோணும். எங்கய்யனோட பேரு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க. ஊருல திருடன்னாங்க, பண்ணையில டேய்ன்னாங்க. மொத மொதல்ல கேட்டது நீங்கதான். அவரு பேரு நாச்சான்.